ஷூ அலமாரிப் பெட்டிக்கு ஒரு காவல்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். நான் பெட்டியோடு பேசுவதில்லை.

என் நாத்தனார் எங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் சொல்லிக்கொண்டு திரிவது வேறு. "அண்ணி அந்த மெஷின்கிட்டதான் பேசறாங்க. அண்ணன் அதுக்குள்ள இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்காங்க, பாவம்." இதில் மூன்று பிழைகள். அது மெஷின் அல்ல, சர்வர். என் கணவர் இறந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது, ஆனால் ஷூ அலமாரிக்குள் இல்லை என்பது உறுதி. அவருக்குத் தோல் வாசனையே ஆகாது. கடைசியாக, நான் பேசவில்லை, வாசிக்கிறேன். காலையில் பெட்டியின் வெப்பநிலை, டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம், எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது ஆகியவற்றை உரக்க வாசித்து நோட்டில் எழுதுவேன். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும். மருந்து லேபிள்களில் முப்பத்தொரு வருடம் பிழை பார்த்தவள் நான். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். உரக்க வாசிக்காமல் ஒரு லேபிளையும் அச்சுக்கு விட்டதில்லை.

"பாவம்" என்பது நான்காவது பிழை.

வாசல் கதவையொட்டி, ஷூ அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியை அவர் ஓய்வு பெற்றபின் தன் கையால் சேர்த்துக் கட்டினார். குடும்பத்தின் நாற்பது வருடப் படங்கள், கல்யாண வீடியோக்கள், அவர் பேரப்பிள்ளைகளுக்காகப் பேசிப் பதிந்த கதைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நம் வீட்டுப் படங்களுக்கு எவனோ ஒருவன் கம்பெனியில் என்ன வேலை என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே. பெட்டியைப் பராமரிக்கும் விதத்தைக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதிவைத்தார். அவர் இருக்கும்போதே அதில் சிவப்பு மையில் நாற்பத்திரண்டு திருத்தங்கள் போட்டேன். "இது ஒண்ணும் மருந்து லேபிள் இல்லை, தெரியுமா?" என்றார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "எச்சரிக்கை மணி - அடுத்த மாதம்."

அந்த அடுத்த மாதம் அவருக்கு வரவில்லை.

ஜனவரியில் பெட்டி பதினோரு நாள் நின்று கிடந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. நாத்தனார் ஏதோ பழைய படம் தேடி, திறக்காமல் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் காலை வாசிப்பு.

இன்று மகன் ஃபோன் செய்தான். விமானத்தில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, ஆகவே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"ஏப்ரல் நாலு வர்றேன்மா. அது நின்னுபோனா பத்து நிமிஷத்துல யாருக்காவது தெரியணும். அப்படி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தீங்கன்னா சரி. இல்லேன்னா எல்லாத்தையும் இன்டர்நெட்ல க்ளவுடுக்கு மாத்திட்டு பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"யாரைக் கேட்டு?"

"பதினோரு நாள்மா. பதினோரு நாள்!"

நாலு தடவை சொன்னான். படங்கள் ஒன்றுகூடத் தொலையவில்லை. பிறகு ஏன் இந்தப் பதற்றம்?

பெட்டி போனால் அடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அறைக்குத் திரைச்சீலை மாட்டியாகிவிட்டதாம். மருமகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். திரைச்சீலை நன்றாகத் தொங்கட்டும். நான் இங்கிருந்து நகர்வதாக இல்லை.

மார்ச் 5, வியாழன்

காவல் வேலைக்கு விண்ணப்பதாரர்களைப் பார்த்தேன். எல்லாம் இலவசமாக இறக்கிக்கொள்ளும் மென்பொருள்கள். பெயர்களை எழுதப் போவதில்லை. ஒவ்வொன்றும் வயிற்றுப்போக்கு மாத்திரை மாதிரி இருக்கிறது. நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலாவது 'அரண்மனை'. திறந்தவுடன் முந்நூறு வரைபடங்கள். விமானம் ஓட்டுகிறவர் அறைக்குள் தவறி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஊசிகள் ஆடுகின்றன, கோடுகள் ஏறி இறங்குகின்றன, ஆனால் "பெட்டி நலமா?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஆயினும் என்ன அழகு! ஒரு மணி நேரம் கழிந்ததே தெரியவில்லை.

இரண்டாவது 'பச்சைப்பட்டை'. நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் பச்சைக் கோடு, வராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண் மாதிரி. எனக்கு அப்படிப்பட்ட பெண்கள்மேல் எப்போதுமே சந்தேகம்.

மூன்றாவதை நிறுவ நாற்பது படிகள். பதினேழாவது படியில் எழுத்துப்பிழை. நிராகரித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

டேப்லெட்டைச் சார்ஜில் போட மறந்து, காலையில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, 7.34க்கு நாத்தனார் ஃபோன்: "அண்ணி, உங்ககிட்ட அளவு நாடா இருக்கா?" எதை அளக்க என்று கேட்டால் முழிக்கிறாள். அவளுக்கும் வயதாகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அரண்மனைக்கே வேலை கொடுத்தேன். அழகுக்கு மயங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதில்தான் எல்லாவற்றுக்கும் எல்லை வகுக்க முடிகிறது. வெப்பநிலை நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செய்தி, இறங்கினாலும் செய்தி. முடிந்த நிகழ்வையும் பதிவு செய்யத்தானே வேண்டும்? டிஸ்க், நினைவகம், விசிறியின் வேகம், வைஃபை என்று மொத்தம் முப்பத்தொரு எல்லைகள். வேலை பார்த்த வருடத்துக்கு ஒன்று. செய்திகள் எனக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் நாத்தனாருக்கும் ஒரே நேரத்தில் போகும்.

யாராவது ஒருவர் கவனிக்காமலா போவார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு நாளில் இருநூற்றுப் பதினேழு செய்திகள்.

பெட்டி நாற்பத்தைந்துக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு செய்திகள்.

நாத்தனார் நேரில் வந்துவிட்டாள். ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

"அண்ணி, உங்க பெட்டிக்கு நாப்பத்தாறு டிகிரியாம். இறங்கிடுச்சாம். திரும்ப ஏறிடுச்சாம். இப்ப எனக்குத்தான் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

"அது நாற்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது."

"தாண்டினா?"

"தாண்டக் கூடாது."

"அதான் அண்ணி கேக்கறேன், தாண்டினா நான் என்ன செய்யணும்? வந்து விசிறணுமா?"

விசிற வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மகனுக்கு ஃபோன் செய்தால், "பார்த்துட்டே இருக்கேன்மா," என்று தேனாகப் பேசுகிறான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் முடித்தாயா என்றால் பத்து வயதில் இதே குரலில்தான் பதில் வரும். ஆகவே அரண்மனை வழியாக அவனுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்: "எச்சரிக்கை: பெட்டியின் மேல் யானை உட்கார்ந்திருக்கிறது."

சற்று நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மார்ச் 12, வியாழன்

மருமகளே அழைத்தாள். ஐசியூவில் நர்ஸ். அளந்து பேசுவாள், அதனால் அவள் பேசினால் கேட்பேன்.

"அத்தை, உங்க பையன் அதை மியூட்ல போட்டுட்டார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"யானையிலேயே தெரிஞ்சுடுச்சு."

"எந்த யானை?"

சொன்னேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பாள். பிறகு சொன்னாள், "எங்க வேலையிலயும் இதே கதைதான் அத்தை. ஒரு பேஷன்ட்டுக்கு ஆறு அலாரம். எல்லாம் சேர்ந்து கத்திக்கிட்டே இருந்தா காதுக்கு அது மணியாவே கேக்காது, சுவர் மாதிரி ஆயிடும். நாங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்போம். இது அடிச்சா யார் எழுந்து ஓடணும்? ஒருத்தர் பேரைச் சொல்ல முடியலேன்னா அந்த மணியே வேண்டாம். 'யாராவது'ன்னு மட்டும் எழுதி வெக்காதீங்க. யாராவதுன்னா யாரும் வரமாட்டாங்க."

என் முப்பத்தொன்றையும் இந்தக் கேள்விக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினேன். இருபத்தெட்டு உட்கார்ந்துவிட்டன. மிஞ்சியவை மூன்று: பெட்டி நின்றுவிட்டது, டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது, டிஸ்க் நிரம்பப் போகிறது. மூன்றுக்கும் முதலில் எழ வேண்டியவள் நான்.

அரண்மனையை வேலையைவிட்டு நீக்கினேன். பேசாத பெண்ணை அழைத்து உட்கார வைத்தேன். பச்சை, பச்சை, பச்சை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று காலையிலிருந்து லிஃப்ட் பராமரிப்பு. மெக்கானிக் வந்து எங்கள் மாடிக்கு ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார். ஜன்னலருகே உட்கார்ந்து பழைய கடிதங்களை அடுக்கினேன். ஃபோன் ஒரு தடவைகூடக் கூவவில்லை. ஒரு செய்தி இல்லை, ஒரு குறை இல்லை. நல்ல ஏற்பாடு செய்துவிட்டால் வாழ்க்கை எவ்வளவு அமைதியாக இருக்கிறது! நாளை மகனுக்கு இதை எழுத வேண்டும்.

மார்ச் 18, புதன்

எழுதவில்லை.

காலையில் வாசிக்க உட்கார்ந்தால், திரை கறுப்பு. பெட்டி நேற்று மின்சாரம் போனபோதே நின்றிருக்கிறது. திரும்பி வந்ததும் தானாக எழுந்திருக்கத் தெரியாத ஜாதி அது. பொத்தானை அழுத்த வேண்டும். இருபது மணி நேரம்! பத்து நிமிடம் என்ற நிபந்தனை எங்கே, இது எங்கே?

பச்சைப்பட்டை ஏன் வாயைத் திறக்கவில்லை? எங்கிருந்து திறப்பது? அதை நான் நிறுவியிருந்ததே அந்தப் பெட்டிக்குள்தான். காவல்காரனைப் பூட்டிய அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு, அறை இடிந்தால் வந்து சொல் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் படித்த கான்வென்ட்டில் ஒரு புது சிஸ்டர் வந்தார். முதல் நாள், மிகக் கண்டிப்பான குரலில், "இன்று வராதவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்," என்றார். வகுப்பே விழுந்து சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன்.

அறுபது வருடம் கழித்து அதையே நானும் செய்திருக்கிறேன். சிஸ்டர், மன்னிக்க வேண்டும்.

மகனுக்குச் சொல்ல வேண்டுமா? அவனாகக் கண்டுபிடிக்க வழியில்லை. பிழை தெரிந்தும் மறைப்பது பிழையைவிட மோசம் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்... பார்க்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

லிஃப்ட் மெக்கானிக் மிச்ச வேலைக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு, உங்களால்தான் என் சர்வர் இருபது மணி நேரம் படுத்துவிட்டது என்று சொன்னேன்.

"ஐயோ மேடம், நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே."

"நோட்டீஸில் தேதி தவறு."

"தேதி தப்புன்னு சிவப்புல திருத்தியிருந்தது. அது நீங்கதானா?"

நான்தான். பேச்சை மாற்றினேன். தனியாக அந்தக் கிணறு மாதிரி இடத்துக்குள் இறங்குகிறீர்களே, ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும், கத்துவீர்களா என்று கேட்டேன்.

"கத்தற நிலைமையில இருந்தா நானே ஏறி வந்துடுவேனே மேடம். எங்க முறையே வேற. அரை மணிக்கு ஒரு தடவை ஆபீசுக்கு நான் ஃபோன் பண்ணணும். 'நல்லா இருக்கேன்', அவ்வளவுதான். ஃபோன் வந்தா அவங்க டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. வரலேன்னாதான் செருப்பு போடாமகூட ஓடி வருவாங்க."

இரண்டாவது டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். பாவம் என்றுகூடத் தோன்றியது, அத்தனை பெரிய விஷயத்தைச் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

பெட்டி கத்தக் காத்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது வெளியே ஒருவரிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராவிட்டால் அதுவே செய்தி. அப்படியும் மென்பொருள்கள் இருக்கின்றன, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் என் வீடு அல்ல. வேறு வீடு, வேறு மின்சாரம், வேறு வைஃபை.

நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரே ஒரு வீடுதான். கடவுளே.

மார்ச் 22, ஞாயிறு

இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். என் கணவரின் மேசை இழுப்பறையில் இருந்த உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர் கைப்பையில் இருந்தது.

நாத்தனாரிடம் ஒன்று கேட்டு நான் போனது நாற்பத்தைந்து வருடத்தில் இது முதல் முறை. அவளும் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"உட்காருங்க அண்ணி. நல்லா உட்காருங்க. என்ன வேணும், சொல்லுங்க." முகத்தில் அத்தனை பிரகாசம்!

சொன்னேன். இந்தக் குட்டி உன் வீட்டில் ஒரு மூலையில் இருக்கட்டும். என் பெட்டி இதனிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆஜர் சொல்லும். இரண்டு தடவை சொல்லாவிட்டால் இது நமக்குச் செய்தி அனுப்பும்.

"அப்போ உங்க பெட்டி உயிரோட இருக்கான்னு என் வீடுதான் சொல்லும்?"

"தொழில்நுட்பரீதியாக, ஆமாம்."

"நான் இல்லேன்னா உங்களுக்குத் தெரியாது?"

"குட்டி இல்லாவிட்டால் தெரியாது."

"குட்டி யார் வீட்டுல இருக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டு, உன் வீட்டில் என்றேன். டிவிக்குப் பக்கத்தில் சிறந்த இடம் கொடுத்தாள். தூசி படாமலிருக்க மேலே துணி போடப் போனாள். வெப்பம் ஏறும் என்று தடுத்தேன். "ஏறினா விசிறிடறேன்," என்றாள்.

நன்றி சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

குட்டிக்கு ஆஜர் சொல்லும் கட்டளையைப் பெட்டியில் எழுதினேன். தினமும் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். பட்டியலைத் திறந்தேன். அவர் போட்ட இரண்டு வேலைகள் இருந்தன, நோட்டில் உள்ளபடி. அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று. நோட்டில் இல்லாதது. மகனின் கணக்கிலிருந்து, அவர் போன மறுமாதம் எழுதப்பட்டது.

அதன் பெயர் 'அம்மா'.

பன்னிரண்டு வரிகள். தினமும் காலை ஏழரைக்கு ஓடும். என் டேப்லெட் அன்று காலை வீட்டு வைஃபையில் விழித்துக்கொண்டதா என்று பார்க்கும். விழித்திருந்தால் சும்மா இருக்கும். இல்லாவிட்டால் மகனுக்கும் மருமகளுக்கும் நாத்தனாருக்கும் ஒரு செய்தி: "அம்மா இன்னும் எழுந்திருக்கல. யாராவது பாருங்க."

என்னை! என் வீட்டில், என் பெட்டியில், எனக்குத் தெரியாமல், என்னை டிஸ்க் மாதிரி... எழுந்துவிட்டாளா, இல்லையா... நான் என்ன பட்டையா, பச்சை சிவப்பு காட்ட? வரட்டும் அவன் ஏப்ரல் நாலாம் தேதி, வாசலிலேயே நிறுத்தி வெச்சுக் கேக்கறேன்.

(மாலை.) பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். "மே 9: நாத்தனார் காலையில் கத்தரிக்கோல் கேட்டாள்." அன்றைக்கு எனக்குச் சளி, தாமதமாக எழுந்தேன். "செப்டம்பர் 21: நாத்தனார், ஏழரை மணிக்கு, ஏணி வேண்டுமாம்." அன்று டேப்லெட் சோபாவுக்கு அடியில். இந்த மாதம் ஆறாம் தேதி, அளவு நாடா. அதற்கு அருகிலேயே என் கையெழுத்தில்: "அவளுக்கும் வயதாகிறது."

ஏணியை வைத்து அவள் என்ன செய்வாள், இந்த வயதில்?

இன்னொன்று. ஜனவரியில் பெட்டி நின்றபோது இந்தப் பன்னிரண்டு வரிகளும் அதோடு நின்றன. எழவில்லை என்றால்தானே செய்தி? செய்தி வரவில்லை, ஆகவே அம்மா எழுந்துவிட்டாள் என்று மூன்று பேரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். பதினோரு நாள். அவன் குரல் அப்படி ஏறியது படங்களுக்காக அல்ல.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்! வராதவர்களைக் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறான். என் பிழை அப்படியே, ஒரு புள்ளி மாறாமல். யாருடைய மகன்?

கோபம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 25, புதன்

காலையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் நாத்தனார். "சும்மா நடந்துட்டு இருந்தேன் அண்ணி," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்று மாடி ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்று, என் குரல் கேட்டதும் இறங்கிப் போவது. ஜனவரியிலிருந்து தினமும்.

நான் பெட்டியோடு பேசுகிறேன் என்ற வதந்தி எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

'அம்மா'வை நாத்தனார் வீட்டுக் குட்டிக்கு மாற்றிவிட்டேன். என் டேப்லெட் விழித்ததும் குட்டியிடம் ஆஜர் சொல்லும். "யாராவது" என்பதை அடித்தேன். முதலில் நாத்தனார், ஏனென்றால் சாவி அவளிடம். அவள் பத்து நிமிடத்தில் பதில் சொல்லாவிட்டால் மகன், பிறகு மருமகள். செய்தி வழக்கம்போல மூவருக்கும் ஒரே நேரத்தில் போகும், இது ஓட வேண்டிய வரிசை மட்டுமே. இடம் மாறியது அவர்களுக்குத் தெரியாது.

சோதித்துப் பார்க்காத எதையும் நான் அச்சுக்கு விட்டதில்லை.

மார்ச் 31, செவ்வாய்

சோதனை. நடந்தவை, நேரத்தோடு.

வழக்கம்போல 5.40க்கு விழிப்பு. டேப்லெட்டைத் தொடவில்லை. வாசிக்கவில்லை. படுக்கையிலேயே, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தோடு கிடந்தேன். முன்கூட்டி அறிவித்த சோதனை சோதனையே அல்ல.

7.30. எதிர்க் கட்டடத்தில் குட்டி செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

7.31. என் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. அளவு நாடாவா, ஏணியா என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

7.36. வாசலில் சாவிச் சத்தம். ஆறு நிமிடம்! மிக நன்று என்று மனதுக்குள் குறித்தேன்.

உள்ளே வந்தவளைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தலை ஈரம், பாதி சீவியது. ஒரு காலில் அவள் செருப்பு, ஒரு காலில் யாருடையதோ. படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே வர அவளால் முடியவில்லை. "அண்ணி," என்றாள்.

எழுந்து உட்கார்ந்தேன். "ஆறு நிமிடம். பத்துக்குக் குறைவு," என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? கான்வென்ட்டுல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா? ஆறு நிமிஷமாம், ஆறு நிமிஷம்! அந்த ஆறு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்க பெட்டியில ஏதாவது பட்டை காட்டுமா?" அழுதாள். திட்டினாள். நாற்பத்தைந்து வருடம் பாக்கி வைத்திருந்ததையும் சேர்த்துத் திட்டினாள்.

நானும் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். முழங்கால் கேட்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டாம் முறை கேட்க வைக்கவில்லை.

பிறகு மகனை அழைத்து, ஒன்றுமில்லை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"உன் பன்னிரண்டு வரியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டி நின்றால் அதுவும் நிற்கும். இது உனக்குத் தோன்றவே இல்லையா?"

"ஜனவரியில தோணுச்சும்மா. பதினோரு நாள்..."

"பத்து நாள். நடுவில் ஒரு ஞாயிறு பேசினோம்."

சிரித்தானா அழுதானா, ஃபோனில் தெரியவில்லை. பெட்டி இருக்கட்டும்மா என்றான். நீங்களும் இருங்க, உங்க இஷ்டப்படி என்றான்.

ஏப்ரல் 2, வியாழன்

காலை 7.10: டேப்லெட் ஆஜர். 7.30: படியில் காலடிச் சத்தம் இல்லை. குட்டி செய்தி அனுப்பவில்லை, ஆகவே வரத் தேவையில்லை. ஆனால் 7.50க்கு நாத்தனார் வந்தாள், எந்தச் சாக்கும் இல்லாமல். காபி குடித்தோம். வெப்பநிலையை இன்று அவள் வாசித்தாள். "நாப்பத்தாறு. இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி." இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினேன்.

மகனுக்கு அனுப்பியதன் நகல்:

"பெட்டி மார்ச் 17 அன்று இருபது மணி நேரம் நின்றது. யாருக்கும் தெரியவில்லை. உன் நிபந்தனைப்படி நான் தோற்றேன். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. இப்போது பெட்டிக்குக் காவல் உன் அத்தை வீட்டில் இருக்கிறது. எனக்கும் அங்கேதான். என்னைக் கண்காணிக்க நான் சம்மதிக்கிறேன், சில மாற்றங்களோடு. ஞாயிற்றுக்கிழமை ஏழரை அல்ல, எட்டே கால். இனி எனக்குத் தெரியாமல் ஒரு வரிகூட அதில் சேரக் கூடாது. உன் ஃபோனும் தினமும் காலை குட்டியிடம் ஆஜர் சொல்ல வேண்டும். நீ எழுந்தாயா என்று எனக்கும் தெரிய வேண்டாமா? முதலில் எழுந்து ஓட வேண்டியவளாக உன் மனைவியைக் குறித்திருக்கிறேன். அவள் சம்மதித்துவிட்டாள். என் சோதனையால் உன்னைப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன்.

அந்த அறையின் திரைச்சீலையைக் கழற்ற வேண்டாம். மே மாதம் வந்து தங்குகிறேன். பதினோரு நாள். ஒரு நாள் கூடாது, குறையாது. அந்த நாட்களில் பெட்டியை உன் அத்தை பார்த்துக்கொள்வாள், வாசிக்கப் பழகிவிட்டாள்.

'பெட்டி இருக்கட்டும், நீங்களும் இருங்க' என்று ஃபோனில் சொன்னாய். ஃபோனில் சொன்னது காற்றோடு போகும். நாலாம் தேதி நீ வருவதற்குள் அதையும், மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் சம்மதமா இல்லையா என்பதையும், கட்டைவிரல் படம் போடாமல், முழு வாக்கியங்களில் எனக்கு எழுதி அனுப்பு."